எந்த நஞ்சு, எவ்வளவு, எந்த வழியாக?

மருத்துவமனையில் நடக்கும் நஞ்சு நீக்கத்தில் நஞ்சுக்கு எப்போதும் ஒரு பெயர் இருக்கும். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு வருபவருக்கு அட்ரோபின் போடுகிறார்கள். பாரசிட்டமாலைக் கைநிறைய விழுங்கியவருக்கு அசிட்டைல்சிஸ்டீன். ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமை எட்டிவிட்ட குழந்தைக்கு, ஈயத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீரோடு இறங்கும் மருந்து. எது உள்ளே போனது, எவ்வளவு போனது, எந்த வழியாக அதை வெளியேற்றுவது அல்லது முறிப்பது என்ற மூன்றும் தெரிந்துதான் சிகிச்சை தொடங்குகிறது. பலித்ததா என்பதை மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட கள்ளச்சாராயத்தில் இருந்த நஞ்சு மெத்தனால். அது உடலுக்குள் போன வடிவத்தில் அவ்வளவு கொடியதல்ல. கல்லீரல்தான் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பார்வை நரம்பைக் கருக்குவதும் ரத்தத்தைப் புளிக்க வைப்பதும் அந்த அமிலம்தான். ஆகவே இங்கே சிகிச்சை என்பது கல்லீரலின் வேலையைத் தடுப்பது. ஃபோமிபிசோல் என்ற மருந்தோ, அது கிடைக்காத இடத்தில் எத்தனால் என்ற சாதாரண மதுவோ இந்த மாற்றத்தைத் தொடங்கும் கல்லீரல் நொதியை முடக்குகிறது. மாறாமல் தங்கும் மெத்தனாலை டயாலிசிஸ் வெளியே எடுக்கிறது. ‘கல்லீரலைத் தூண்டி நச்சை வெளியேற்றும்’ பானம் என்று ஒன்று உண்மையிலேயே இருந்து, அதை இந்த நோயாளிக்குக் கொடுத்தால், அவர் சீக்கிரம் சாவார்.

கடைகளில் ‘டீடாக்ஸ்’ என்ற பெயரில் விற்கப்படும் சாறு, தேநீர், மாத்திரை, காலில் ஒட்டும் பட்டை, குடல் கழுவல் ஆகியவற்றிடம் அதே மூன்று கேள்விகளைக் கேட்டால் பதில் கிடைப்பதில்லை. பிரிட்டனின் ‘சென்ஸ் அபௌட் சயன்ஸ்’ என்ற அமைப்பைச் சேர்ந்த இளம் விஞ்ஞானிகள் 2009இல் இதைக் கேட்டே பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை 15 பொருள்கள். குடிநீர் புட்டி முதல் முகப்பூச்சு வரை எல்லாவற்றிலும் டீடாக்ஸ் என்று அச்சிட்டிருந்தது. எந்த நச்சு நீங்குகிறது என்று தயாரிப்பாளர்களைக் கேட்டதற்கு ஒருவராலும் சான்று காட்ட முடியவில்லை. டீடாக்ஸ் என்றால் என்ன என்பதிலேயே ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை.

இந்த வியாபாரத்தின் அடியில் உடலைப் பற்றிய ஒரு தப்பான படம் கிடக்கிறது. காபி ஃபில்டரின் அடியில் சக்கை சேர்வதுபோல் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் அழுக்கு தங்கிவிடும், அவ்வப்போது அலசிவிட வேண்டும் என்பது அந்தப் படம். அந்த உறுப்புகள் வேலை செய்யும் விதம் வேறு. நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் கல்லீரல் வழியாக ஓடுகிறது. புரதம் செரிக்கும்போது பிறக்கும் அம்மோனியாவை அது யூரியாவாக மாற்றுகிறது. உடைந்த சிவப்பணுக்களின் பிலிருபினைப் பித்தநீரில் தள்ளுகிறது. மருந்துகளையும் மதுவையும் நொதிகளால் உருமாற்றி, நீரில் கரையும்படி செய்து அனுப்புகிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடித்து, வேண்டியதைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக விடுகின்றன. ரத்தத்தில் உள்ள பிளாஸ்மா மூன்று லிட்டர்தான் என்பதால், அது முழுவதும் நாளொன்றுக்கு அறுபது தடவை வடிக்கப்படுகிறது என்று பொருள். இந்த வேலை நின்றால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. அது குறைகிறதா என்பதைக் கிரியேட்டினின், பிலிருபின் போன்ற சாதாரண ரத்தப் பரிசோதனைகளே காட்டிக்கொடுக்கும். வியர்வையில் நச்சு போகிறது என்பதும் பெரிதும் கற்பனை. வியர்வை என்பது தண்ணீரும் உப்பும். உடல் சூட்டைத் தணிப்பது அதன் வேலை. உலோகங்கள் அதில் மிகச் சிறிய அளவில் தென்படலாம். சிறுநீரோடு வைத்துப் பார்த்தால் அது கணக்கிலேயே வராது.

‘அப்படியானால் கொழுப்புக் கல்லீரல் என்கிறார்களே, அங்கே சேர்வது என்ன?’ என்று கேட்கலாம். சேர்வது நச்சு அல்ல, கொழுப்பு. எடை குறைவதும் மதுவை விடுவதும் அதைக் குறைக்கும் என்பது நன்கு நிறுவப்பட்டது. மூன்று நாள் சாறு குடிப்பதற்கு அந்தச் சான்று இல்லை.

உள்ளே அழுகி நச்சாகும் குடல் என்ற எண்ணம் ஒரு காலத்தில் படித்த மருத்துவர்களின் கொள்கையாகவே இருந்தது. பாரிஸ் மருத்துவர் ஷார்ல் புஷார் 1887இல் வெளியிட்ட விரிவுரைகளில் ‘தன்நச்சேற்றம்’ என்ற கோட்பாட்டை முன்வைத்தார்: பெருங்குடலில் தங்கும் மலம் அழுகி, அதன் நஞ்சு ரத்தத்தில் கலந்து நோய் தருகிறது. கிருமியியல் புதிதாகக் கிளம்பியிருந்த நேரம் அது. குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியா இருப்பது தெரியவந்ததும் கோட்பாடு பொருத்தமாகப்பட்டது. பாஸ்டர் நிறுவனத்தின் எலீ மெச்னிகாஃப், நோய் எதிர்ப்பு ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசு பெற்றவர், பெருங்குடலையே வேண்டாத உறுப்பாகக் கருதி, புளித்த பாலைப் பரிந்துரைத்தார். லண்டன் கைஸ் மருத்துவமனையின் அறுவை நிபுணர் ஆர்புத்நாட் லேன் அதற்கும் ஒரு படி மேலே போய், மலச்சிக்கல்காரர்களின் பெருங்குடலை வெட்டியே எடுத்தார். கை தேர்ந்த அறுவையாளர்தான். ஆனாலும் அந்தக் காலத்தில் அது சாவோடு விளையாடும் அறுவை. அமெரிக்காவில் பேட்டில் க்ரீக் சானடோரியத்தை நடத்திய ஜான் ஹார்வி கெல்லாக் வெட்டுவதற்குப் பதிலாக எனிமா இயந்திரங்களை வைத்துக்கொண்டார்.

கோட்பாட்டை ஆட்டம் காண வைத்தது எளிமையான ஒரு சோதனை. மலம் கட்டிக்கொண்டவருக்குத் தலைவலியும் மந்தமும் இருப்பது உண்மை; கழித்துவிட்டு வந்தவுடன் அது விலகுவதும் உண்மை. நஞ்சு ரத்தத்தில் ஏறியதால் தலைவலி என்றால், மலம் கழித்த மாத்திரத்தில் அது எப்படி நிற்கும்? ரத்தத்தில் ஏறிய மது கழிவறைக்குப் போய் வந்ததும் இறங்கிவிடுவதில்லையே. வால்டர் ஆல்வரெஸ் 1919இல் இந்த வாதத்தை எழுதினார். 1922இல் ஆர்தர் டொனால்ட்சன், ஆரோக்கியமான சிலரை நாலு நாள் அளவுக்கு மலம் கழிக்காமல் இருக்கச் செய்தார்; எதிர்பார்த்த தொல்லைகள் எல்லாம் வந்தன. பிறகு அதே ஆட்களின் மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்தார். பஞ்சில் ஏது நஞ்சு? ஆனாலும் அதே தலைவலி, அதே மந்தம். குடற்சுவர் விரிவதால் நரம்பு வழியாக வரும் உணர்ச்சி அது என்பது தெளிவாயிற்று. மருத்துவம் கோட்பாட்டைக் கைவிட்டது. குடல் கழுவும் நிலையங்கள் கைவிடவில்லை. நூறாண்டு கழித்தும் அவர்களுடைய விளம்பரத்தில் புஷாரின் வாதமே ஓடுகிறது.

தமிழ் நாட்டில் இதற்கு இன்னொரு ஊற்றும் உண்டு. குறிப்பிட்ட மாத இடைவெளியில் பேதிக்கும் வாந்திக்கும் மருந்து எடுப்பதைச் சித்த மருத்துவ நூல்கள் நோய் வராமல் காக்கும் ஒழுக்கமாகச் சொல்கின்றன. ஆயுர்வேதத்தின் பஞ்சகர்மாவும் அந்த வரிசையில் வருவது. அவற்றின் அடிப்படை வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வு. அந்தக் கோட்பாட்டை இன்றைய உடலியல் ஏற்கவில்லை என்பது வேறு விஷயம். ரத்தத்திலிருந்து வேதிநச்சை அள்ளி எறிவதாக அந்த நூல்கள் சொல்லவில்லை. ‘பாட்டி வைத்தியம்’ என்ற ஒட்டுத்தாளை ஒட்டி டீடாக்ஸ் பொடி விற்பவர்கள் இரண்டு தனித்தனி மரபுகளை ஒன்றாகக் கரைத்துவிடுகிறார்கள். வீடுகளில் பிள்ளைகளின் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டிய வழக்கத்துக்காவது கண்ணுக்குத் தெரியும் ஓர் எதிரி இருந்தது: வயிற்றுப் பூச்சி. அந்த வேலையை இன்று பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுக்கப்படும் ஆல்பென்டசோல் மாத்திரை சுலபமாகச் செய்துவிடுகிறது.

டீடாக்ஸ் பொருள்களில் அதிகம் நம்பப்படுபவை, வெளியேறிய ‘அழுக்கை’ கண்ணெதிரே காட்டுபவை. ‘கல்லீரல் கழுவல்’ அதில் முதலிடம் பெறும். பகல் முழுக்கச் சாறு மட்டும், இரவில் ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும். விடிந்ததும் மலத்தில் பச்சைப் பச்சையாகக் கற்கள். பித்தப்பைக் கல் வலியில்லாமல் வெளியேறிவிட்டது என்று செய்தவர்கள் சத்தியம் பண்ணுவார்கள். நியூசிலாந்தில் 40 வயதுப் பெண் ஒருவர் இப்படி வெளிவந்ததைப் பொறுக்கி, ஃப்ரீசரில் வைத்திருந்து, மருத்துவர்களிடம் கொண்டுவந்து காட்டினார். அவருக்குப் பித்தப்பையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் கற்கள் இருந்தது ஸ்கேனில் முன்பே தெரிந்திருந்தது. மூலிகை ஆலோசகர் சொன்னபடி 600 மில்லி ஆலிவ் எண்ணெயும் 300 மில்லி எலுமிச்சைச் சாறும் குடித்திருந்தார். மருத்துவர்கள் அந்தக் கற்களை ஆராய்ந்து 2005இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். 40 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் வைத்ததும் அவை உருகிப் பச்சை எண்ணெயாக ஓடின. கொலஸ்ட்ரால் இல்லை, பிலிருபின் இல்லை, கால்சியம் இல்லை. முக்கால் பங்கு கொழுப்பு அமிலம். ஆலிவ் எண்ணெயின் முதன்மைக் கொழுப்பு அமிலத்தோடு எலுமிச்சைச் சாற்றைக் கலந்து, கொஞ்சம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்தபோது ஆய்வுக்கூடத்திலேயே அதேபோன்ற உருண்டைகள் திரண்டன. குடித்த எண்ணெயை வயிற்று நொதிகள் உடைக்க, எலுமிச்சையின் பொட்டாசியம் சேர, குடலுக்குள்ளேயே சோப்பு உருவாகியிருக்கிறது. அந்தப் பெண்ணின் அசல் கற்கள் பித்தப்பையில் இருந்தபடியே இருந்தன. பின்னர் லேப்ராஸ்கோப்பி அறுவையில்தான் அகற்றப்பட்டன. மருந்தே அழுக்கையும் செய்து கொடுத்துவிடுகிறது என்பதில் ஒரு வியாபாரக் கெட்டிக்காரத்தனம் இருக்கத்தான் செய்கிறது.

பாதக் குளியல் இயந்திரத்தின் சூட்சுமமும் இதுவே. உப்புத் தண்ணீரில் காலை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் அரை மணியில் தண்ணீர் பழுப்பாகிறது. பாதம் வழியாக நச்சு இறங்கியதாகச் சொல்கிறார்கள். பிரிட்டிஷ் மருத்துவரும் பத்தி எழுத்தாளருமான பென் கோல்டேக்கர் 2004இல் இந்தத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார். தொடங்கும் முன் லிட்டருக்கு 0.54 மில்லிகிராம் இருந்த இரும்பு, முடிவில் 23.6 மில்லிகிராம் ஆகியிருந்தது. கரைந்தது இயந்திரத்தின் மின்முனை. நிறம் தந்தது துரு. மனிதக் காலுக்குப் பதில் பார்பி பொம்மையின் காலை வைத்தபோதும் தண்ணீர் பழுப்பாயிற்று. 2012இல் கனடாவில் இயற்கை மருத்துவக் கல்லூரி ஒன்றைச் சேர்ந்த ஆய்வாளர்களே இன்னொரு இயந்திரத்தைச் சோதித்து, குளியல் நீர், சிறுநீர், தலைமுடி மூன்றையும் அளந்து, நச்சு உலோகங்கள் வெளியேறுவதற்குச் சான்றில்லை என்று எழுதினார்கள். இரவில் பாதத்தில் ஒட்டிப் படுக்கும் பட்டை காலையில் கறுப்பதற்குக் காரணம் அதிலுள்ள மர வினிகர். ஈரம் பட்டால் கறுக்கும், கொதிக்கும் தண்ணீரின் ஆவி பட்டாலும் கறுக்கும். ‘கினோகி’ என்ற பட்டையை விற்றவர்கள் மீது அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையம் 2009இல் வழக்குப் போட்டது.

சாறு விரதத்தில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லை. தெரிவது எடை இயந்திரத்தின் முள். எலுமிச்சை, மேப்பிள் பாகு, மிளகாய்த் தூள் கலந்த நீரைப் பத்து நாள் குடிக்கச் சொன்ன அமெரிக்கர் ஸ்டான்லி பரோஸ் 1976இல் எழுதிய புத்தகம் இவ்வகை விரதங்களில் பலவற்றுக்கு முன்மாதிரி. பரோஸ் மருத்துவப் பட்டமில்லாமல் ரத்தப் புற்றுநோயாளி ஒருவருக்குச் சிகிச்சை அளித்து, அந்த நோயாளி இறந்ததால், வழக்கு கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போனது. கொலைக் குற்றத் தீர்ப்பை 1984இல் ரத்து செய்த நீதிமன்றம், உரிமமின்றி மருத்துவம் பார்த்த குற்றத்தை உறுதி செய்தது. வணிக டீடாக்ஸ் உணவுமுறைகளைப் பற்றி ஆஸ்திரேலியாவின் க்ளைன், கியாட் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பீட்டின்படி, அவற்றை மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதித்த, குலுக்கல் முறையிலான ஒரு சோதனைகூட அதுவரை நடக்கவில்லை.

ஆனாலும் செய்தவர்கள் உடம்பு லேசானதாகச் சொல்வது பொய்யல்ல. கல்லீரலிலும் தசையிலும் ஏறத்தாழ அரைக் கிலோ கிளைக்கோஜன் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. பட்டினியில் அது கரையும்போது தண்ணீரும் போய், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ குறைந்துவிடும். சாப்பாட்டுக்குத் திரும்பியதும் வந்துவிடும். விரத நாட்களில் மது இல்லை, எண்ணெய்ப் பலகாரம் இல்லை, இரவு நேரத்தோடு தூக்கம். நல்லது நடப்பது இவற்றால். பெயரைச் சாறு தட்டிக்கொண்டு போகிறது. எதிர்ப்பக்கம் நடப்பதற்கும் விளக்கம் தயாராக இருக்கிறது. காலையும் மாலையும் காபி குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். ஒரு வாரம்கூட இழுக்கும். இது காஃபீன் விலகலின் நன்கு அறியப்பட்ட விளைவு. டீடாக்ஸ் ஆலோசகரோ ‘நச்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும்’ என்பார். சுகமானாலும் வெற்றி, தலை வலித்தாலும் வெற்றி என்றால் அந்தக் கூற்றை எந்த அனுபவத்தாலும் பொய்ப்பிக்க முடியாது.

பயனில்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று விட்டுவிடவும் இடமில்லை. கேரளத்தில் இரும்பன்புளி எனப்படும் பிலிம்பிக் காயின் சாற்றைக் கொலஸ்ட்ரால் குறையும் என்று குடித்த பத்துப் பேர், ஐந்து மருத்துவமனைகளில் சிறுநீரகச் செயலிழப்போடு சேர்க்கப்பட்டதை 2013இல் வெளிவந்த ஆய்வறிக்கை பதிவு செய்தது. ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. புளிப்பான அந்தக் காயில் ஆக்சாலிக் அமிலம் மிக அதிகம். அது கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகக் குழாய்களில் படிகமாகப் படிகிறது. குழம்பில் இரண்டு காய் போடுவதில் தப்பில்லை. பிழிந்து டம்ளர் கணக்கில் வெறும் வயிற்றில் குடிப்பதுதான் அளவை மாற்றிவிடுகிறது. கீரைச் சாறு விரதத்தால் இதே ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் நிரந்தரமாகச் செயலிழந்த நேர்வு அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறது. அந்த நோயாளிக்கு முன்பே இரைப்பை அறுவை நடந்திருந்தது ஆபத்தைக் கூட்டியது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடிக் கஷாயம் குடித்தவர்களில் கல்லீரல் அழற்சி வந்த ஆறு பேரை மும்பை மருத்துவர்கள் 2021இல் விவரித்தார்கள். அடுத்த ஆண்டு 13 மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் தொகுப்பு வந்தது. சீந்தில் பாதுகாப்பானதே என்று சொல்லி ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது. குடித்தவர்களின் மொத்தத் தொகை தெரியாத நிலையில் ஆபத்து எவ்வளவு அரிது என்று கணக்கிட வழியில்லை. காரணமே இல்லை என்று தள்ளவும் முடியாது.

உலோக நச்சை நீக்குவதாகச் சொல்லும் பொருளில் உலோக நச்சே இருந்துவிடுவதும் உண்டு. பாஸ்டன் சுற்றுவட்டாரத்தில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருள்களை 2004இல் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. மறுபுறம், மருத்துவமனையின் அசல் மருந்தும் தவறாகக் கொடுக்கப்பட்டால் உயிரை வாங்கும். உலோகம் நீக்கும் சிகிச்சையில் சோடியம் இ.டி.டி.ஏ. ஏற்றப்பட்டு, ரத்தத்தின் கால்சியம் சரிந்து, 2003 முதல் 2005க்குள் அமெரிக்காவில் இரண்டு குழந்தைகள் உட்பட மூவர் இறந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது.

இந்தியாவில் இத்தகைய விளம்பரங்களைக் கட்டுப்படுத்த 1954ஆம் ஆண்டிலிருந்தே மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம் இருக்கிறது. நீரிழிவு, புற்றுநோய் என்று பட்டியலில் உள்ள நோயைக் குணமாக்குவதாகச் சொன்னால் அது பாயும். ‘உடல் சுத்தம்’ எந்த நோயின் பெயரும் அல்ல. அந்தச் சந்தில்தான் டீடாக்ஸ் வண்டி ஓடுகிறது.

சுற்றுப்புறத்திலிருந்து உடலில் சேரும் நஞ்சுகள் இல்லாமலில்லை. டி.டி.டி. போன்றவை கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்குகின்றன. பட்டினி கிடந்து கொழுப்பு கரையும்போது அவை வெளியேறிவிடுவதில்லை, ரத்தத்தில்தான் கூடுகின்றன. ஈயம் எலும்பில் பல்லாண்டு ஒளிந்திருக்கும். கொத்தமல்லி ஈயத்தை இழுத்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ஈயம் ஏறிய 3 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம் சோதித்தபோது கொத்தமல்லிச் சாறும் வெற்று மருந்தும் ஒரே அளவில்தான் பலன் காட்டின.

இவ்வகை நஞ்சில் இதுவரை பலித்த வழி, அது உள்ளே வரும் பாதையை அடைப்பது. வங்கதேசத்தில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏன் கூடுகிறது என்று தேடிய ஆய்வாளர்கள் கடைசியில் மஞ்சளில் போய் நின்றார்கள். டீடாக்ஸ் பானங்களில் தவறாமல் இடம்பெறும் அதே மஞ்சள். கிழங்கு பளிச்சென்று தெரிவதற்காக அரவை இடங்களில் லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைப் பூசிக்கொண்டிருந்தார்கள். 2019இல் இந்த முடிவு வெளியானதும் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள், உலோகத்தை அந்த இடத்திலேயே காட்டிக்கொடுக்கும் எக்ஸ்ரே கருவியோடு டாக்காவின் மொத்தச் சந்தைக்குப் போய், கலப்பட மஞ்சளைப் பறிமுதல் செய்து வியாபாரிகளுக்கு அபராதம் போட்டார்கள். அந்த ஆண்டில் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த ஈயம் 2021இல் ஒன்றில்கூட இல்லை. மஞ்சள் அரவைத் தொழிலாளர்களின் ரத்தத்தில் ஈய அளவு சராசரியாக 30 சதவீதம் இறங்கியிருந்தது.